பழைய பறவை நூல் இன்று எதற்கு?



சில திங்களுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் பழைய நூல் ஒன்றைக் கையில் ஏந்தி என்னைக் காண வந்தார். நூலின் முதுகு கிழிந்திருந்தது. தாள்கள் பழுத்திருந்தன. அவருடைய கல்லூரி நூலகத்தில் புதிய நூல்களுக்கு இடம் போதவில்லையாம். ஆகவே, பயன் தீர்ந்தவை என்று சில நூல்களைப் பட்டியலிட்டு எடைக்குப் போட்டுவிட எண்ணியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இந்த நூலும் ஒன்று. பறவை பார்ப்பதில் ஆர்வம் கொண்ட அம்மாணவர், முடிவாவதற்கு முன் என்னிடம் காட்டிப் போகலாமே என்று இரவல் பெற்று வந்திருந்தார்.

நூலைப் புரட்டினேன். திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளைப் பற்றிச் சாலிம் அலி எழுதி, 1953-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில நூல் அது. வண்ணப் படங்கள் இன்னும் மங்கவில்லை.

“ஐயா, இதிலுள்ள அறிவியற் பெயர்கள் பல மாறிவிட்டன. ஊர்ப் பெயர்களும் மாறிவிட்டன. திருவிதாங்கூர் என்று ஓர் அரசே இன்று இல்லை. பறவையின் படம் வேண்டுமானால் கைப்பேசியில் நூறு கிடைக்கிறது, குரலும் கிடைக்கிறது. அப்படியிருக்க, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?” என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். நூல் பழையது என்பதற்காகவே அதைப் போற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அறிவியலில் பழமை ஒரு தகுதி ஆகாது. ஆனால் பயன் தீர்ந்தது என்று முடிவு கட்டுவதற்கு முன், அது என்ன பயனுக்காகச் செய்யப்பட்டது, காலப்போக்கில் அதற்கு வேறு பயன் ஏதேனும் வந்து சேர்ந்திருக்கிறதா என்று ஆராய வேண்டும் அல்லவா? அன்று அம்மாணவரிடம் நான் சொன்னவற்றையே இன்று உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

ஒரு வட்டாரத்துப் பறவைகளைப் பற்றிய படநூல் மூன்று செய்திகளை ஒருங்கே தருகிறது. பறவை எப்படி இருக்கும் என்பதைப் படம் காட்டுகிறது. அதற்கு என்ன பெயர், அதன் இயல்பு என்ன என்பதை எழுத்து சொல்கிறது. எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவாகக் காணப்படும் என்பதைக் குறிப்பு சொல்கிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பின்னே வருகிறவன் தடுமாறுவான்.

நம் இலக்கியத்திலிருந்தே இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். அன்றில் என்ற பறவையைச் சங்கப் புலவர்கள் பலமுறை பாடியிருக்கிறார்கள். இணை பிரியாது வாழும் பறவை அது, பனைமரத்தில் தங்கும், அதன் அலகு வளைந்தது, குரல் கேட்போரை வருத்தும். இத்தனை அடையாளங்கள் இருந்தும், அன்றில் என்பது இன்றைய எந்தப் பறவை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தே வருகிறது. அரிவாள் மூக்கன் வகையைச் சேர்ந்தது என்பார் ஒரு சாரார். வேறு பறவை என்பார் மற்றொரு சாரார். புலவர் கண்டது பொய்யன்று. ஆனால் சொல்லோடு சேர்த்து வைப்பதற்கு ஒரு படம் நம்மிடம் இல்லை. அன்று எவரேனும் ஓலையின் ஓரத்தில் அப்பறவையைக் கீறி வைத்திருந்தால், இந்த வழக்கு என்றோ தீர்ந்திருக்கும்.

தென்னாட்டுப் பறவைகளைப் படத்தோடு எழுதி வைத்த முன்னோடிகளுள் தாமஸ் ஜெர்டன் குறிப்பிடத்தக்கவர். சென்னை மாகாணத்துப் படையில் மருத்துவராக வந்தவர் அவர். போன இடமெல்லாம் பறவைகளைக் கவனித்தார். 1843-ஆம் ஆண்டு முதல் 1847-ஆம் ஆண்டு வரையில், 50 வண்ணப் படங்கள் கொண்ட இந்தியப் பறவையியல் நூலொன்றைப் பகுதி பகுதியாகச் சென்னையிலிருந்து வெளியிட்டார். அப்படங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். பின்னர் 1862-ஆம் ஆண்டு முதல் 1864-ஆம் ஆண்டு வரையில் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. அதில் பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்கு, இந்திப் பெயர்களையும் கேட்டறிந்து எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட அத்தமிழ்ப் பெயர்கள் சில இடங்களில் உருச்சிதைந்து காணப்படும். ஆயினும், அன்று குளத்தங்கரையிலும் காட்டோரத்திலும் வாழ்ந்த மக்கள் பறவைகளை எப்படி அழைத்தார்கள் என்பதற்கு அவை சான்றாகும். பறவைகளுக்குத் தமிழில் புதுப் பெயர் படைக்க முற்படுவோர், மக்கள் முன்பே வைத்த பெயர் இருக்கிறதா என்று முதலில் தேடவேண்டிய இடங்களுள் அந்நூலும் ஒன்று.

ஜெர்டனுக்குப் பின் ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழித்துச் சாலிம் அலி வருகிறார். 1933-ஆம் ஆண்டில், திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவில், அவ்விரு நாடுகளின் பறவைகளையும் முறையாக ஆராயப் புறப்பட்டார். அவருடைய மனைவியார் தெஹ்மினாவும் உடன் சென்றார். உயர்ந்த மலைகள், சோலைக்காடுகள், காயற்கரைகள், வறண்ட புதர்நிலங்கள் ஆகியவற்றில் முகாமிட்டு, கண்டதையெல்லாம் இடத்தோடும் நாளோடும் குறித்தார்கள். அம்முடிவுகள் முதலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் ஆய்வுக் கட்டுரைகளாக வந்தன. பின்னர் 1953-இல் பொதுமக்களும் கையாளத்தக்க படநூலாக உருப்பெற்றன.

இங்கே நம்மவர் ஒன்றைக் கருத வேண்டும். அந்த நூல் வெளிவந்தபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில் இருந்தன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்தான் அவை கன்னியாகுமரி மாவட்டமாக நம்மோடு இணைந்தன. செங்கோட்டையும் அப்போதே வந்தது. ஆகவே, அந்நூல் கேரளத்தார்க்கு மட்டும் உரியதன்று. குமரி மாவட்டத்து மாணவர் தம் ஊர்ப் பக்கத்துப் பறவைகளின் பழைய நிலையை அறிய விரும்பினால், அவரும் அதைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

சரி, திறந்து பார்த்தால் என்ன கிடைக்கும்? முதற்பயனைச் சொல்கிறேன். பழைய நூல் ஓர் அளவுகோலாகப் பயன்படுகிறது.

ஒரு பெரியவர் தம் இளமையில் ஏரி நிறையப் பறவைகளைக் கண்டிருப்பார். அவருடைய மகன் பாதி ஏரியில் பறவைகளைக் கண்டிருப்பான். பேரனோ ஒரு மூலையில் நிற்கும் பத்துக் கொக்குகளைக் கண்டு, ஏரி என்றால் இவ்வளவுதான் என்று எண்ணுவான். ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்விழித்தபோது கண்டதையே இயற்கையின் முழு அளவென்று கருதிவிடுகிறது. இந்த மறதி மிக மெல்ல நிகழ்வதனால், இழப்பு நேர்ந்ததே நமக்குத் தெரிவதில்லை. இழப்பே தெரியாதவன் மீட்க முயல்வது எப்படி?

இன்று பறவைகளைக் கணக்கெடுப்பதற்குச் சிறந்த முறைகள் வந்துவிட்டன. ஊர்தோறும் ஆர்வலர்கள் தாம் கண்ட பறவைகளைக் கைப்பேசி வழியே பதிவு செய்கிறார்கள். 2023-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, இத்தகைய பதிவுகளைத் திரட்டி 942 பறவையினங்களை மதிப்பிட்டது. அவற்றுள் 178 இனங்களுக்கு முதன்மையான பாதுகாப்புத் தேவை என்று அது கூறுகிறது. கேரளத்தில் 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, பறவைகளின் வரைபடத் தொகுப்பு ஒன்றையும் செய்து முடித்தார்கள். இவை போற்றத்தக்க செயல்கள். ஆனால் இப்படி முறையாகவும் பெருவாரியாகவும் சேர்ந்த பதிவுகள் அண்மைக் காலத்தவையே. அதற்கு முன் என்ன இருந்தது என்று கேட்டால், புள்ளிவிவரம் மிக அருகிவிடுகிறது. அந்த இருட்டில் நமக்குக் கிடைக்கும் கைவிளக்குகளுள் ஒன்று பழைய வட்டார நூல்.

பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இந்தியப் பறவை நூல்களில் வெண்முதுகுப் பாறு மிகச் சாதாரணமான பறவை. ஊரின் எல்லையில் மாடு இறந்து கிடந்தால் கூட்டமாக வந்து இறங்கும் என்று எழுதியிருப்பார்கள். இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் பாற்றைக் கண்ணால் கண்டிருக்கிறீர்கள்? 1992-ஆம் ஆண்டுக்கும் 2007-ஆம் ஆண்டுக்கும் இடையில், இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1000-க்கு 1 என்ற அளவுக்குக் குறைந்துபோயின என்று கணக்கெடுப்புகள் காட்டின. காரணம் நெடுநாள் புலப்படவில்லை. கால்நடைகளுக்கு வலியும் வீக்கமும் தணிய ஊசியாகப் போடப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தே காரணம் என்று 2004-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு நிறுவியது. மருந்தேறிய கால்நடை இறந்தால், அதைத் தின்னும் பாற்றின் சிறுநீரகம் பழுதடைந்து, பறவை மடிந்துவிடும். 2006-ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளில் மட்டும் பாறுகள் இன்றும் கூடு கட்டி வாழ்கின்றன.

இந்த வரலாற்றில் பழைய நூலின் இடம் என்ன? “பாறு முன்பு எங்கும் இருந்தது” என்று ஒருவர் சொன்னால், “அது உங்கள் நினைவின் மயக்கம்” என்று மற்றொருவர் மறுக்கலாம். நூலில் அச்சாகியிருக்கும் “சாதாரணம்” என்ற ஒரு சொல்லை அப்படி மறுக்க முடியாது. எழுதியவருக்குப் பிற்காலத்தில் நேரப்போவது தெரியாது; எவரையும் வருத்தவோ எச்சரிக்கவோ அவர் எழுதவில்லை. நாள்தோறும் கண்டதைக் கண்டபடி எழுதினார். அதனாலேயே அவர் சாட்சியத்துக்கு மதிப்பு மிகுதி.

இரண்டாம் பயன் இடத்தைப் பற்றியது. நல்ல வட்டார நூல் “மலைகளில் காணப்படும்” என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாது. எந்த மலை, என்ன உயரம், கணவாய்க்கு வடக்கிலா தெற்கிலா என்று சொல்லும். அந்த நுணுக்கம் பல்லாண்டுகளுக்குப் பின்னும் பயன் தரக்கூடியது. மேற்கு மலைத்தொடரின் உச்சிகளில் உள்ள சோலைக்காடுகளில், தரையோரம் உலவும் சிறு நீலப் பறவை ஒன்று உண்டு. நீலகிரிப் பக்கத்தில் உள்ளதற்கு விலாவும் வயிற்றின் ஓரமும் செம்பழுப்பு. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ளதற்கு வயிறு வெண்மை. இவ்வேறுபாட்டைப் பழைய நூல்கள் படத்தாலும் எழுத்தாலும் காட்டின. ஆயினும், இரண்டும் ஒரே இனத்தின் இரு வட்டார வடிவங்கள் என்று பிற்காலத்தில் பலர் சேர்த்தே எண்ணினார்கள். அண்மையில் மரபணுவை ஆராய்ந்தபோது, அவை நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த தனித்தனி இனங்கள் என்பது தெரிந்தது. 2017-ஆம் ஆண்டில் அவற்றுக்கென்றே ஒரு புதிய பேரினம் வகுக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயரில் நம் சோலை என்ற சொல்லே இடம்பெற்றிருக்கிறது. மலைகளில் வாழும் சிரிப்பான் குருவிகளின் கதையும் இத்தகையதே. பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் அவற்றை எப்படிப் பிரித்து வைத்திருக்கின்றன என்பதை அதே ஆய்வு தெளிவாக்கியது.

ஆய்வுக்கூடத்தின் கருவிகள் புதியவை. ஆனால் எங்கே தேடவேண்டும், எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்ற கேள்வி, பழைய நூல்களில் வயிற்றின் நிறத்தை விடாமல் குறித்து வைத்தவர்களிடமிருந்து வந்தது.

இதே காரணத்தால்தான், சாலிம் அலியின் ஆய்வு முடிந்து 75 ஆண்டுகள் கழித்து, 2009-ஆம் ஆண்டில், கேரளத்துப் பறவை ஆய்வாளர்கள் அவர் சென்ற இடங்களுக்கே மீண்டும் சென்று கணக்கெடுத்தார்கள். அவர் இடத்தையும் நாளையும் எழுதி வைக்காமல், “பல மலைகளில் பல பறவைகளைக் கண்டேன்” என்று மட்டும் எழுதியிருந்தால், எவராலும் அவர் அடிச்சுவட்டைப் பின்பற்றியிருக்க முடியாது. மாணவர்களே, அறிவியலில் ஒரு குறிப்பின் ஆயுள் அதன் நுணுக்கத்தைப் பொறுத்தது என்பதை இதனால் அறியலாம்.

இனி, பழைய குறிப்பு ஒரு பறவையையே மீட்டுத் தந்த வரலாற்றைச் சொல்கிறேன். ஜெர்டனின் பெயரைத் தாங்கிய ஒரு பறவை உண்டு. ஆள்காட்டியைப் போல் நீண்ட கால்களோடு தரையில் ஓடித் திரிவது; மார்பில் இரண்டு பட்டைகள் உடையது. தெலுங்கு நாட்டார் அதைக் கலிவிகோடி என்பர். 1848-ஆம் ஆண்டில் அது அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. 1900-ஆம் ஆண்டுக்குப் பின் எவரும் கண்டதாகச் செய்தி இல்லை. அற்றுப்போன பறவை என்றே பெரும்பாலோர் முடிவு செய்தார்கள். ஆயினும், பழைய நூல்களில் அதன் உருவமும், அது கிடைத்த இடங்களும் பதிவாகியிருந்தன. அவ்விடங்களைப் பின்பற்றிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் தேடலைத் தொடங்கினர். 1986-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்துப் புதர்க்காட்டில் அந்தப் பறவை மீண்டும் கிடைத்தது.

அதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. இது பகலில் திரியும் பறவை என்றே முன்னோர் எண்ணியிருந்தார்கள். உண்மையில் அது இரவில் திரிவது. இரவில் விளக்கோடு காட்டுக்குள் செல்லும் வழக்கமுடைய உள்ளூர் மனிதர் ஒருவரே அதைக் கண்டு பிடித்துக் கொடுத்தார். நூல் இடத்தைச் சொன்னது. நேரத்தைச் சொன்னவர் ஊர் மனிதர். ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் தேடல் வீணாகியிருக்கலாம். பிற்காலத்தில், சென்னைக்குக் கிருஷ்ணை நீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் இப்பறவை வாழும் புதர்க்காட்டின் ஊடே செல்ல நேர்ந்தபோது, அதைக் காக்கும் பொருட்டுக் கால்வாயின் போக்கே மாற்றப்பட்டது. அற்றுப்போனது என்று எழுதி முடித்திருந்த ஒரு சிறு பறவைக்காகக் கால்வாய் வளைந்து சென்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் பயன் படத்தைப் பற்றியது. நிழற்படம் இருக்க ஓவியம் எதற்கு என்று கேட்கிறார்கள். நிழற்படம் ஒரு நொடியில், ஒரு வெளிச்சத்தில், ஒரு பறவையைக் காட்டுகிறது. வெயில் முதுகில் விழுந்தால் பழுப்பும் பொன்னாகத் தெரியும். நிழலில் நின்றால் பச்சையும் கருமையாகும். ஓவியனோ பல பறவைகளைக் கண்டு, அவ்வினத்துக்குப் பொதுவான அடையாளத்தை ஓர் உருவத்தில் திரட்டுகிறான். ஒன்றைப் போலவே தோன்றும் இரு பறவைகளை ஒரே பக்கத்தில், ஒரே நிலையில் நிறுத்தி, புருவக் கோடு ஒன்றுதான் வேறுபாடு என்று காட்டுகிறான். பறவை பார்க்கப் புதிதாகத் தொடங்குபவனுக்கு இதைவிடச் சிறந்த ஆசிரியன் இல்லை. மேலும், படத்தைப் பார்த்து வரைந்து பழகினால் கண் கூர்மையாகும். தமிழில் பறவைகளைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் தம் கட்டுரைகளுக்குத் தாமே கோட்டோவியம் வரைந்தார். வரைகிறவன் பறவையின் கால் எங்கே மடங்குகிறது என்று பார்த்தே தீர வேண்டும். வெறுமனே பார்க்கிறவன் அதைப் பாராமலே போய்விடக்கூடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பழைய நூலின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதிலுள்ள அறிவியற் பெயர்கள் பல இன்று வழங்கவில்லை. புதிய பட்டியலோடு ஒப்பிட்டே கொள்ள வேண்டும். ஒரே இனம் என்று எழுதியது இன்று இரண்டாகப் பிரிந்திருக்கும். இரண்டு என்று எழுதியது ஒன்றாகியிருக்கும். அக்காலத்தார் பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலைப் பதப்படுத்தி ஆராய்ந்தார்கள், முட்டைகளைச் சேகரித்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அவ்வழி நமக்கு இல்லை. நமக்கு அது தேவையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய நூல் கூறும் நிலவரத்தை இன்றைய நிலவரம் என்று கொள்ளலாகாது. அதைக் கொண்டு இன்றைய நிலையை ஊகிப்பதும் ஆபத்தானது.

சிட்டுக்குருவியைப் பாருங்கள். பழைய நூலில் அது எங்கும் உள்ள பறவை. நகரத்தில் வாழும் நாம் நம் தெருவில் அதைக் காணவில்லை. உடனே, நாடெங்கும் குருவி அழிந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். ஆனால் 2020-ஆம் ஆண்டில் வெளியான பறவைகளின் நிலை அறிக்கை, பெருநகரங்களில் குருவி குறைந்திருப்பினும், நாடு முழுவதையும் நோக்கினால் அதன் தொகை ஏறத்தாழ நிலையாகவே இருந்து வந்திருக்கிறது என்று தெரிவித்தது. பழைய நூலையும் நம் தெருவையும் மட்டும் ஒப்பிட்டால் பிழைபடுவோம். பழைய குறிப்பு ஒரு கரை. புதிய கணக்கு மறு கரை. இரண்டு கரையும் இருந்தால்தான் ஆற்றின் அகலம் தெரியும்.

ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்லும் யோசனை எளியது. உங்கள் பள்ளியிலோ, கல்லூரியிலோ, மாவட்ட நூலகத்திலோ பழைய பறவை நூல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், உங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஒரு குளத்தையோ, தோப்பையோ, குன்றையோ எடுத்துக்கொள்ளுங்கள். அத்தகைய இடத்தில் எந்தெந்தப் பறவைகள் சாதாரணமாக இருக்கும் என்று அந்நூல் கூறுகிறதோ, அவற்றை ஒரு குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் எழுதுங்கள். பின்பு ஓராண்டு, திங்களுக்கு இருமுறை அவ்விடத்துக்குச் சென்று, கண்டவற்றை வலப்பக்கத்தில் நாளும் நேரமும் எண்ணிக்கையும் சேர்த்து எழுதுங்கள். காணாத பறவையையும் காணவில்லை என்று எழுதுங்கள். அதுவும் ஒரு செய்தியே. ஊரில் வயது முதிர்ந்தவர்களிடம் நூலின் படங்களைக் காட்டி, “இதற்கு இங்கே என்ன பெயர்? முன்பு எங்கே பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். ஆண்டின் முடிவில் உங்கள் கையில் இருப்பது எந்தக் கைப்பேசியும் தர முடியாத ஓர் ஏடாக இருக்கும்.

இனி, என்னைக் காண வந்த மாணவரிடம் திரும்புவோம். நான் இவ்வாறெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் நூலின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் கை நின்றது. அச்சிட்ட வரிகளின் ஓரத்தில், பென்சிலால், மங்கிய எழுத்தில், யாரோ ஒருவர் குறித்து வைத்திருந்தார்: கல்லூரிக்கு அப்பால் உள்ள ஆற்றங்கரையின் பெயர், மருத மரத்தில் பாறுகள் கூடு கட்டியிருந்த செய்தி, அதைக் கண்ட நாள். மேலும் புரட்டினோம். அதே கையெழுத்து பல பக்கங்களில் இருந்தது. முன்னொரு காலத்தில் அக்கல்லூரியில் படித்த மாணவரோ, கற்பித்த ஆசிரியரோ, இந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுற்றுப்புறமெங்கும் நடந்திருக்கிறார். தம் பெயரை மட்டும் எங்கும் எழுதவில்லை.

மாணவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்த ஆற்றங்கரை எனக்குத் தெரியும். அங்கே இப்போது மருத மரம் நான்கோ ஐந்தோதான் இருக்கின்றன. பாற்றை நான் ஒருநாளும் கண்டதில்லை” என்றார்.

நூலை எடைக்குப் போடவேண்டாம் என்று கேட்டு, தம் நண்பர்கள் சிலரின் கையொப்பத்தோடு அவர் நூலகத்தாருக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறார். முடிவு இன்னும் தெரியவில்லை. அதற்குள், பென்சிற் குறிப்புகள் அனைத்தையும் ஒரு தனி ஏட்டில் படி எடுத்து முடித்துவிட்டார். ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். ஞாயிறுதோறும் ஆற்றங்கரைக்குப் போய் வருகிறார். அந்த வெற்றுப் பக்கங்கள் இப்போது ஒவ்வொன்றாக நிரம்பி வருகின்றன.

உங்கள் ஊர் நூலகத்திலும் இப்படி ஒரு நூல், எடைக்குப் போகும் பட்டியலில் காத்துக் கிடக்கலாம். அடுத்த முறை அங்கே போகும்போது தேடிப் பாருங்கள்.